பரண்மேல் உறங்கும் குரல்கள்

பழைய கணினி ஒன்றை இல்லத்தின் ஒலிக் களஞ்சியமாக்கும் வழி

உங்கள் இல்லத்துப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கக்கூடும். அதனுள் உறை கிழிந்த ஒலிநாடாக்கள் நாற்பதோ ஐம்பதோ கிடக்கும். சிலவற்றில் நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் பாடல்கள். சிலவற்றில் எகிப்து நாட்டுக் காரிகளின் கிராஅத். ஒன்றிரண்டில் ஷேக் சின்ன மௌலானாவின் நாகசுரம். இவை எல்லாவற்றிற்கும் அடியில், படமோ அச்சோ எதுவுமின்றி, நீல மையால் ஒரு தேதி மட்டும் எழுதப்பட்ட நாடா ஒன்று கிடக்கும். அதனை எறிந்துவிட வீட்டில் எவருக்கும் மனம் வராது. எடுத்துக் கேட்கவோ வழியில்லை; டேப் ரிக்கார்டர் பழுதடைந்து ஆண்டுகள் பல ஆகியிருக்கும்.

அந்த நாடா பெரும்பாலும் ஒரு கடிதம். சஊதிக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் பொருள் தேடிச் சென்ற நம்மவர்கள், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தாளில் எழுதியதோடு நில்லாமல் நாடாவில் பேசியும் அனுப்பினார்கள். வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு அக்காலத்தில் எளிதில் எட்டுவதாக இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் நண்பரின் பெட்டியில், துணிமணிகளுக்கும் அத்தர்க் குப்பிகளுக்கும் இடையே அந்தக் குரல் கடல் கடந்து வந்தது. வீட்டார் அனைவரும் கூடி அமர்ந்து கேட்டார்கள். பிறகு மறுபக்கத்தில் தாங்கள் பேசி அனுப்பினார்கள். வாப்பாவின் முகத்தையே அறியாத குழந்தையின் மழலையும், மகன் நலமாக மீள வேண்டுமென்று முதிய தாய் கேட்ட துஆவும் அவற்றில் பதிந்துள்ளன.

கடையில் வாங்கிய நாடா கெட்டுப்போனால் அதே பாடல் வேறோர் இடத்தில் கிடைத்துவிடும். தேதி மட்டும் எழுதிய அந்த நாடா கெட்டுப்போனால், அந்தக் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு இக்கட்டுரையைப் படியுங்கள்.

கணினி ஒன்றை உயர்ந்த தரமுடைய இசைக் களஞ்சியமாக இல்லத்தில் அமைத்துக்கொள்வது இன்று இயலாத காரியமன்று. பெருஞ்செலவு பிடிப்பதும் அன்று. ஆயினும் இதில் இறங்குவோர் பலர், எந்தக் கருவியை வாங்கலாம் என்பதிலேயே காலத்தையும் பணத்தையும் கழித்துவிடுகின்றனர். களஞ்சியத்தின் தரத்தை முடிவு செய்வது கருவியின் விலையன்று. முதன்முதலில் படியெடுக்கும்போது நாம் காட்டும் கவனமும், படியெடுத்ததைக் காத்துவரும் ஒழுங்குமே அதனை முடிவு செய்கின்றன.

களஞ்சியம் என்பது யாது?

கணினியுலகில் இதனை 'சர்வர்' என்பார்கள். முற்றத்துக் கிணற்றோடு இதனை ஒப்பிடலாம். அடுக்களைக்கும் அறைகளுக்கும் தனித்தனியே தண்ணீர் தேக்கி வைக்காமல், ஒரே கிணற்றிலிருந்து அவரவர் வேண்டும்போது இறைத்துக்கொள்வது போல, ஒரு கணினியில் எல்லா ஒலிப்பதிவுகளும் இருக்கும். கூடத்து ஒலிபெருக்கியோ, மகளின் கைப்பேசியோ, மேல்மாடியில் உள்ள மடிக்கணினியோ வீட்டு வை-ஃபை வழியாக அதனிடம் கேட்டுப் பெற்று ஒலிக்கும். இதற்கு வெளியிணைய இணைப்புக்கூட வேண்டியதில்லை. வீட்டுக்குள் ரூட்டர் ஒன்று இயங்கினால் போதும்.

இணையத்தில் மாதச் சந்தா செலுத்தினால் கோடிக்கணக்கான பாடல்கள் கிடைக்கின்றனவே, இத்தொல்லை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சந்தா என்பது வாடகை. உரிமை ஒப்பந்தம் முடிந்தால் நேற்றுவரை இருந்த பாடல் இன்று மறைந்துபோகலாம். அன்றியும், அறுபது நிமிட நாடாவில் உங்கள் வாப்பா பேசிய பேச்சு எந்தச் சந்தாவிலும் கிடைக்காது.

ஒலி எண்ணாக மாறும் விதம்

தரம் என்றால் என்னவென்று அறிய, ஒலி கணினிக்குள் எப்படிச் செல்கிறது என்பதைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். ஒலி என்பது காற்றின் அசைவு. ஒலிவாங்கி அதனை மின்னலையாக மாற்றுகிறது. கணினியோ அம்மின்னலையின் ஏற்ற இறக்கத்தை நொடிதோறும் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கிறது.

1982-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஒரு நொடிக்கு 44,100 முறை இவ்வாறு அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவையும் 65,536 படிகள் கொண்ட ஏணி ஒன்றில் வைத்துக் குறிக்கிறார்கள். இதற்கு 16 பிட் என்று பெயர். நல்ல செவியுடைய இளைஞர் ஒருவர் கேட்கக்கூடிய உச்ச ஒலி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் கொண்டது. அதன் இருமடங்குக்குச் சற்று மேற்பட்ட தடவை அளந்தாலே அந்த ஒலியைக் குறைவின்றி மீண்டும் உருவாக்கிவிடலாம் என்பது கணிதம் காட்டும் உண்மை. ஆகவே, கேட்பதற்குக் குறுந்தகட்டின் தரமே மனிதச் செவிக்குப் போதுமானது. இதனினும் நான்கு மடங்கு அளக்கப்பட்ட பதிவுகளை உயர்ந்த விலைக்கு விற்போரின் விளம்பரங்களைக் கண்டு நீங்கள் மயங்கவேண்டியதில்லை.

அடுத்து, அந்த எண்களைச் சுருக்கி வைக்கும் முறைகள் இரண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உருவாகிப் புகழ்பெற்ற எம்.பி.3 முறை, செவி எளிதில் உணராத பகுதிகள் இவை என்று கணக்கிட்டு, அவற்றை நீக்கிவிடுகிறது. இது நெல்லைக் குத்தி உமியைப் புடைத்து எறிவது போன்றது. அதிகமாகப் புடைத்தால் உமியோடு மணியும் போய்விடும்; எறிந்தது திரும்ப வராது. மற்றொன்று ஃபிளாக் என்னும் முறை. ஜாஷ் கோல்சன் என்பவர் உருவாக்கியது. 2001-இல் முழுமை பெற்று வெளிவந்தது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இது நெல்லை மூட்டையில் அழுத்திக் கட்டுவது போன்றது. மூட்டையை அவிழ்த்தால் ஒரு மணியும் குறைந்திராது.

கணக்கையும் பாருங்கள். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு மணி நேர ஒலி, சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 635 மெகாபைட் இடம் பிடிக்கும். ஃபிளாக் முறையில் அது பெரும்பாலும் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிடும். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் ஈராயிரம் மணி நேரத்திற்கு மேல் வைக்கலாம் என்றாயிற்று. இடம் இவ்வளவு மலிவாகிவிட்ட இக்காலத்தில் மூலப் பிரதியை எம்.பி.3 ஆக்கி வைப்பது வீண் சிக்கனம். ஃபிளாக்கிலிருந்து எம்.பி.3 எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எம்.பி.3-இலிருந்து இழந்ததை ஒருபோதும் மீட்கமுடியாது.

முதற்பணி: நாடாவைப் படியெடுத்தல்

ஒலிநாடாப் பேழை 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தாரால் அறிமுகம் செய்யப்பட்டது. அதனுள் ஓடும் நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. பிளாஸ்டிக் நாடாவின்மேல் பூசப்பட்ட காந்தத் துகள்களே உங்கள் குரலைத் தாங்கி நிற்கின்றன. வெப்பமும் ஈரமும் அப்பூச்சுக்குப் பகை. கடற்கரை ஊர்களின் பரண்களில் இவ்விரண்டுக்கும் குறைவில்லை என்பதை நாம் அறிவோம்.

அவசரம் கூடாது. இதனை நான் என் சொந்த இழப்பால் கற்றேன். பல ஆண்டுகள் மூடிக்கிடந்த டேப் ரிக்கார்டர் ஒன்றைத் தூசி தட்டி, கையில் கிடைத்த முதல் நாடாவை அதிலிட்டு ஓடவிட்டேன். உள்ளே நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை முதுமையால் பிசுபிசுத்துப் போயிருந்தது. அது நாடாவைப் பற்றி உள்ளே சுருட்டிக்கொண்டது. சிக்கெடுத்து முடித்தபோது, ஒரு பேச்சின் நடுவே சில நொடிகள் நிரந்தரமாகக் கசங்கிப் போயிருந்தன. அந்த இடத்தில் என்ன சொல்லப்பட்டது என்பதைக் கூற இன்று யாரும் இல்லை. எனவே நீங்கள் கீழ்க்காணும் ஒழுங்கைக் கைக்கொள்ளுங்கள்.

முதலில், நல்ல நிலையில் உள்ள கேசட் டெக் ஒன்றைத் தேடிப் பெறுங்கள். மலிவான கையடக்கக் கருவிகளில் வேகம் சீராக இராது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து ரப்பர் உருளையையும் பெல்ட்டையும் சோதிக்கச் செய்யுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடையுங்கள். பிறகு, இழந்தாலும் வருத்தமில்லாத நாடா ஒன்றை முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள். அது நலமாக ஓடி முடிந்த பின்னரே மற்றவற்றைத் தொடவேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு நாடாவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெண்மையாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் அதனைக் கருவியில் இடாதீர்கள். கருவியிலும் பரவி மற்ற நாடாக்களையும் கெடுக்கும். அத்தகையவற்றை அனுபவம் உள்ளவரிடம் ஒப்படையுங்கள். ஹெட்டை நோக்கியுள்ள வாயிலில் சிறு கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். அது உதிர்ந்திருந்தால் ஒலி மங்கிக் கேட்கும். அப்போது நாடாச் சுருள்களை மட்டும் எடுத்து, திருகாணி உள்ள வேறொரு பேழைக்கு மாற்றிவிடலாம். அறுந்த நாடாவைச் சாதாரண ஒட்டுத்தாளால் ஒட்டக்கூடாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள ஒட்டுத்தாளையே பயன்படுத்த வேண்டும். பேழையின் முதுகுப் புறத்தில் உள்ள இரு சிறு தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் அதன்மேல் புதிதாகப் பதிவாகிவிடும் ஆபத்து நீங்கும்.

மூன்றாவதாக, டெக்கின் பின்புறமுள்ள 'லைன் அவுட்' துளையிலிருந்து கணினிக்கு இணைப்புத் தாருங்கள். மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஒலிவாங்கிக்குரிய துளை மட்டுமே இருக்கும். அதில் இணைத்தால் ஒலி சிதைந்து பதிவாகும். யு.எஸ்.பி. வழியாக இணையும் ஒலி இணைப்பான் ஒன்றை வாங்கிக்கொள்வது நலம். பதிவு செய்ய ஆடாசிட்டி என்னும் மென்பொருள் போதும். 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவருவது. இங்கு மட்டும் 24 பிட்டும் நொடிக்கு 48,000 அளவுகளும் தேர்ந்துகொள்ளுங்கள். ஒலியளவைச் சற்றுக் குறைத்து வைத்துப் பதிவு செய்தாலும் நுட்பம் கெடாமலிருக்க இது உதவும். திடீரென்று உரத்த குரல் எழுந்தாலும் உச்சக் கோட்டை முட்டாதவாறு, ஆறு டெசிபெல் அளவேனும் இடைவெளி விடுங்கள். முட்டி வெட்டுப்பட்ட ஒலியைச் செம்மை செய்ய இயலாது.

நான்காவதாக, குரல் மங்கலாகக் கேட்டால் நாடா கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அன்று பதிவு செய்த கருவியின் ஹெட் சாய்ந்திருந்த கோணமும் இன்று ஓட்டும் கருவியின் கோணமும் வேறுபட்டால் இவ்வாறு கேட்கும். ஹெட்டின் ஓரத்திலுள்ள சிறு திருகாணியை மெல்ல, மிக மெல்லத் திருப்பினால், போர்வைக்குள்ளிருந்து பேசியவர் எதிரே வந்து அமர்ந்து பேசுவது போலத் தெளிவு பிறக்கும். குரல் இயல்புக்கு மாறாகக் கீச்சென்று விரைந்து ஒலித்தால், பதிவு செய்த அன்று அந்தக் கருவியில் பாட்டரி சோர்ந்திருக்கலாம். மெதுவாக ஓடிப் பதிந்தது இன்று விரைவாகக் கேட்கிறது. மென்பொருளில் வேகத்தைக் குறைத்து அதனைச் சரிசெய்யலாம்.

ஒன்றை மறவாதீர். இரைச்சல் நீக்கும் வசதி மென்பொருளில் உண்டு. மூலப் பிரதியில் அதனைச் செய்யாதீர்கள். உள்ளபடியே ஒரு பிரதி இருக்கட்டும். வேண்டுமானால் மற்றொன்றைத் தூய்மை செய்துகொள்ளுங்கள். அந்த இரைச்சலுக்குள் அறையில் சுழன்ற மின்விசிறியும், உடனிருந்த நண்பரின் இருமலும், தொலைவில் எழுந்த பாங்கொலியும் இருக்கக்கூடும். அவையும் அக்கடிதத்தின் பகுதியே.

குறுந்தகடுகள் உங்களிடம் இருந்தால் அப்பணி எளிது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள்கள் ஐயத்திற்குரிய இடங்களை மீண்டும் மீண்டும் படித்து ஒப்பிட்டுப் பிழையின்றி எடுத்துத் தரும். கடையில் அச்சிட்டு விற்ற தகடுகளைவிட, வீட்டுக் கணினியில் எழுதிய தகடுகளே விரைவில் கெடும். அவற்றில் உள்ளது சாயப் பூச்சு. நிக்காஹ் வீட்டு ஒலிப்பதிவை அத்தகைய தகட்டில் வைத்திருப்போர் அதனை முதலில் படியெடுங்கள்.

எந்தக் கணினி? எந்த மென்பொருள்?

ஒலியை எடுத்து அனுப்புவது கணினிக்கு மிக எளிய வேலை. ஃபிளாக் பதிவு ஒன்றை ஒலிக்க வீட்டு வை-ஃபையின் வலிமையில் சிறு பகுதியே செலவாகும். ஆகவே, பிள்ளைகள் படிப்புக்குப் போதாது என்று ஒதுக்கிய பழைய கணினியே இதற்குத் தாராளம். லினக்ஸ் போன்ற இலவச இயக்கமுறை ஒன்றை அதில் நிறுவலாம். புதிதாக வாங்குவதானால், 2012-இல் பிரிட்டனில் அறிமுகமாகி உலகெங்கும் பரவிய ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினி மிகக் குறைந்த மின்சாரத்தில் இரவும் பகலும் இயங்கும். பழைய மடிக்கணினியைப் பயன்படுத்துவோர் அதன் பாட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்த்து, உப்பியிருந்தால் அகற்றிவிட வேண்டும். தீப்பற்றும் அபாயம் உண்டு. விசிறி இரையும் கணினியைக் கூடத்தில் வைக்காமல் ரூட்டரின் அருகே வேறிடத்தில் வைத்துக் கம்பி வழியே இணையுங்கள். களஞ்சியம் கண்ணில் படவேண்டியதில்லை.

மென்பொருளில் நேவிட்ரோம், ஜெல்லிஃபின், லிரியன் மியூசிக் சர்வர் ஆகியவை குறிப்பிடத்தக்கவை; மூன்றும் இலவசம். இவற்றுள் லிரியனின் வரலாறு நமக்கு ஒரு பாடம். 2001-இல் அமெரிக்காவின் ஸ்லிம் டிவைசஸ் என்னும் சிறு நிறுவனம், வீட்டுக் கணினியிலிருந்து இசையைப் பெற்று ஒலிக்கும் கருவியை வெளியிட்டது. அதற்குரிய சர்வர் மென்பொருளின் மூலநிரலை எவரும் காணுமாறு திறந்தே வைத்தது. 2006-இல் அந்நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது. 2012-இல் அக்கருவிகளின் வரிசை கைவிடப்பட்டது. எனினும் மூலநிரல் திறந்திருந்த காரணத்தால் ஆர்வலர்கள் அதனை வளர்த்துவந்தார்கள். 2024-இல் லிரியன் என்று புதுப்பெயரும் சூட்டினார்கள். கருவி செய்வது நின்று ஆண்டுகள் கடந்தும் அவ்வீடுகளில் இசை நிற்கவில்லை. பதிவுகள் வீட்டுக்குள்ளேயும், மென்பொருள் பொதுவிலேயும் இருந்ததே இதற்குக் காரணம்.

பெயரிட்டு அடுக்குங்கள்

ஆயிரம் பதிவுகளை அள்ளிக் கொட்டிவிட்டால் அது களஞ்சியமாகாது. பரணில் இருந்த பெட்டி கணினிக்குள் வந்துவிட்டது என்றே பொருள். ஒவ்வொரு பதிவுக்கும் பாடியவர், தொகுப்பு, ஆண்டு ஆகிய விவரங்களை அதனுள்ளேயே எழுதி வைக்கலாம். தமிழிலேயே எழுதுங்கள், ஆனால் ஒரே எழுத்தாக எழுதுங்கள். ஓரிடத்தில் ஹனிபா என்றும் மற்றோரிடத்தில் ஹனீபா என்றும் எழுதினால் கணினி இருவராகக் கொள்ளும். நாடா உறையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்துச் சேர்த்துவிடுங்கள். நீல மைத் தேதியும் அதில் இருக்கட்டும்.

குடும்பக் குரல்களுக்கு விவரம் எழுதக் கணினி அறிவு போதாது; வீட்டின் முதியோர் வேண்டும். உம்மாவையோ பெரிய ராத்தாவையோ அருகில் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள். இடையே சிரிப்பவர் யார், 'வீட்டு வேலை எதுவரை வந்தது' என்று கேட்பது எந்த வீட்டைப் பற்றி என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவர்கள் சொல்வதை உடனே எழுதிக்கொள்ளுங்கள். நாடா இன்னும் சில ஆண்டுகள் காத்திருந்தாலும் இருக்கும். சொல்லுபவர் காத்திருப்பார் என்று நாம் உறுதி கூற இயலாது.

கிராஅத், பாடல்கள், இசை, குடும்பக் குரல்கள் என்று தனித்தனி அறைகளாகப் பிரித்து வையுங்கள். கணினி தன் போக்கில் மாற்றி மாற்றி ஒலிக்கும் வசதி இம்மென்பொருள்களில் உண்டு. பிரிக்காமல் விட்டால் திரைப்பாடல் ஒன்றின் பின்னே திருவசனம் ஒலிக்கும்; அதன் பின்னே காலஞ்சென்றவரின் குரல் எழும்பி வீட்டாரைத் திடுக்கிடச் செய்யும். ஷைகு மஹ்மூது கலீல் அல்-ஹுஸரீ அவர்கள் திருக்குர்ஆன் முழுவதையும் ஓதிய பதிவு 1961-இல் வெளிவந்தது. அத்தகைய நீண்ட பதிவுகளில் ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே செயற்கையான இடைவெளி விழாமலிருக்க, இடைவெளியின்றி ஒலிக்கும் அமைப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு பதிவு உரத்தும் மற்றொன்று தணிந்தும் ஒலிப்பதைச் சமன் செய்ய ரீப்ளே கெய்ன் என்னும் வசதி உண்டு. அது பதிவை மாற்றாமல், ஒலிக்கும் அளவை மட்டும் மாற்றும் குறிப்பை எழுதிவைக்கிறது.

செவிக்கு வந்து சேரும் வழி

எண்களாக உள்ள ஒலி மீண்டும் மின்னலையாக வேண்டும். கணினிக்குள்ளேயே அதற்குரிய பகுதி உண்டு. எனினும் உள்ளிருக்கும் மற்ற மின்னோட்டங்களின் இரைச்சல் சில கணினிகளில் அதனோடு கலந்துவிடும். யு.எஸ்.பி.யில் இணையும் சிறு மாற்றி ஒன்றை வெளியே வைத்தால் அக்குறை தீரும். அதிலிருந்து ஆம்ப்ளிபயருக்கும், அங்கிருந்து ஸ்பீக்கருக்கும் இணைப்புச் செல்லும். வீட்டில் பழைய நல்ல ஆம்ப்ளிபயர் இருந்தால் அதனையே பயன்படுத்துங்கள். புளூடூத் வழியாகக் கேட்பது வசதிதான். ஆனால் அது பெரும்பாலும் ஒலியை மீண்டும் புடைத்தே அனுப்புகிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

கையில் உள்ள பணத்தின் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்கே செலவிடுங்கள். விலையுயர்ந்த கம்பிகளுக்கு அன்று. இரு ஸ்பீக்கர்களும் நீங்கள் அமரும் இடமும் முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமையட்டும். ஸ்பீக்கர் சுவரை ஒட்டாமல், அமர்ந்தவரின் செவி உயரத்தில் இருக்கட்டும். மொசைக் தரையும் வெறுஞ்சுவர்களும் கொண்ட நம் கூடங்களில் ஒலி முட்டி எதிரொலிக்கும். தரையில் ஒரு கம்பளமும் சன்னலுக்குக் கனத்த திரையும் இட்டுப் பாருங்கள். பல்லாயிரம் ரூபாய்க் கருவி தராத தெளிவை அவை தரும்.

மூன்று பிரதிகள்

ஹார்ட் டிஸ்க் ஒருநாள் நின்றே தீரும். எந்நாள் என்பதுதான் தெரியாது. எனவே மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவேறு சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு வீட்டில் இருக்க வேண்டும். களஞ்சியக் கணினியில் ஒன்று. தனியே எடுத்து வைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. வெளியூரில் உள்ள உடன்பிறந்தாரின் வீட்டில் ஒன்று. வெள்ளமோ தீயோ ஓர் இல்லத்தைத் தாக்கினாலும் மற்ற இல்லத்தில் குரல் வாழும். ஒரே கணினியில் இரு டிஸ்க்குகளைப் பூட்டி இரண்டிலும் எழுதச் செய்வது மட்டும் பாதுகாப்பாகாது. தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். ஆண்டுக்கொரு முறை எல்லாப் பிரதிகளையும் திறந்து சோதியுங்கள். மின்வெட்டில் கணினி திடீரென நின்றுவிடாதவாறு சிறிய யு.பி.எஸ். ஒன்றையும் இணைத்துவிடுங்கள். படியெடுத்து முடித்த நாடாவை எறியாதீர்கள். ஈரமில்லாத இடத்தில், ஸ்பீக்கரின் காந்தத்திற்குத் தொலைவில் வையுங்கள்.

குரலும் அமானிதமே

இறுதியாக ஒரு சொல். வெளிநாட்டிலிருந்து வந்த அந்த நாடா உங்கள் உம்மாவுக்கென்று வாப்பா பேசியதாக இருக்கலாம். தேடி எடுத்துச் செம்மை செய்தவர் நீங்களே என்றாலும், கடிதம் உங்களுக்கு எழுதப்பட்டதன்று. எல்லாருக்கும் ஒலிக்கச் செய்வதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். முதலில் அவர்கள் மட்டும் தனியே கேட்கட்டும். எதனைப் பிள்ளைகள் கேட்கலாம், எது தம்மோடு இருக்கட்டும் என்பதை அவர்களே சொல்வார்கள். இணையத்தில் ஏற்றுவதும், வெளியார் நுழையுமாறு வீட்டு ரூட்டரைத் திறந்துவிடுவதும் வேண்டாம். விலை கொடுத்து வாங்கிய பாடல்களை உங்கள் இல்லத்தில் கேட்பது வேறு. படியெடுத்து ஊருக்கெல்லாம் வழங்குவது வேறு. பிறர் உழைப்பும் அமானிதமே.

பணியை எங்கே தொடங்குவது என்று கேட்பீர்களாயின், பாடல்களில் தொடங்காதீர்கள். தேதி மட்டும் எழுதிய நாடாவில் தொடங்குங்கள். கணினியும் ஸ்பீக்கரும் அடுத்த மாதம் வாங்கலாம். நல்ல டெக் ஒன்றை இரவல் பெற்று முதலில் அந்த ஒரு மணி நேரத்தைப் படியெடுத்து மூன்று இடங்களில் வைத்துவிடுங்கள். பிறகு ஒரு மாலையில், தேநீருக்குப் பின் உம்மாவைக் கூடத்தில் அமரச் செய்து, கதவைச் சாத்திவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள்.

சலாம் கூறி அந்தக் குரல் தொடங்கும். அதற்கு உம்மா மறுமொழி கூறுவது வெளியே உங்களுக்கும் கேட்கும்.